மான் வேட்டைக்கு முன் தோண்டிய குழி

குழி நவம்பர் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை தோண்டப்பட்டது. காலை எட்டே முக்காலுக்குத் தொடங்கி மதியம் இரண்டரைக்கு முடிந்தது. நாற்பதடிக்கு முப்பதடி கட்டடம். எங்கள் பக்கத்தில் குளிரில் தரை உறையும் ஆழத்துக்குக் கீழே போனால்தான் அஸ்திவாரம் நிற்கும் என்பதால் நாலரை அடி ஆழம். நான் பன்னிரண்டு மணிக்கு எல்லாருக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்ட்டி வாங்கிக்கொண்டு போய் ஒன்றேகாலுக்குத் திரும்பிவிட்டேன். அதனால் இடைப்பட்ட நேரத்துக்கு மட்டும் நான் சாட்சி. மற்றவை அண்ணன் ரெய்னோ சொன்னவை.

ரெய்னோ சின்ன எஞ்சின் மெக்கானிக். பனி வாரும் இயந்திரம், மோட்டார் ரம்பம், படகு மோட்டார், எது நின்றுபோனாலும் ஊரில் அவனிடம்தான் வருவார்கள். ஆற்றோரத் தெருவில் பதினோரு வருடமாக வாடகைக் கடை. அந்தக் கட்டடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் இடிக்கப் போகிறார்கள். மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஊரில் வேறு பட்டறை இடம் கிடையாது, தேடிப் பார்த்தோம். ஆகையால் ரெய்னோ நெடுஞ்சாலை ஓரத்தில் அரை ஏக்கர் வாங்கி, கட்டட அனுமதியும் எடுத்து, குளிர் இறுகுவதற்குள் அஸ்திவாரம் போட்டுவிடலாம் என்று இறங்கினான். அஸ்திவாரம் மட்டும் ஏறிவிட்டால் மேலே தகரக் கொட்டகையை எந்தக் குளிரிலும் நிறுத்திவிடலாம்.

நான் பாஸ்ட்டி கொண்டுபோனபோது லென் வைனியோவும் அங்கே இருந்தார். எங்கள் அப்பாவின் சிநேகிதர், நகரமன்ற உறுப்பினர். சும்மா பார்க்க வந்தவர், அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கே கான்கிரீட் ஊத்திட வேண்டியதுதானே ரெய்னோ?" என்றார்.

"நாளைக்கு யாரு இருக்கா? கட்டட இன்ஸ்பெக்டர் பாக்காம ஊத்தக் கூடாது. அவரு நேத்தே வேட்டைத் துப்பாக்கிய வண்டில வச்சுட்டாரு. கலவை லாரிக்காரன் போனையே எடுக்கல."

"நீ மட்டும் இங்க இருக்கப் போறியாக்கும்."

"நான் ஏன் இருக்கேன்? செவ்வாக்கெழம வந்து ஊத்திக்கிறேன். குழி எங்க ஓடிடப் போகுது?"

பொக்லைன்காரர் வண்டிக்குள்ளிருந்தபடியே சொன்னார். "ஆமா. மான்தான் ஓடும். குழி ஓடாது."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நவம்பர் பதினைந்தை எங்கள் ஊரில் யாரும் தேதியாக நினைப்பதில்லை. அன்று மான் வேட்டை தொடங்குகிறது. பள்ளிக்கூடம் அதற்கு முந்தின நாளே பாதியில் விட்டுவிடும். வெள்ளி மதியத்துக்குள் ஆண்களில் பாதியும் பெண்களில் கால்வாசியும் காட்டுக்குள் இருக்கும் தங்கள் குடில்களுக்குப் போய்விடுவார்கள். ரெய்னோவும் லென்னும் ஒரே குடில். அப்பாவும் லென்னும் சேர்ந்து வாங்கிய நாற்பது ஏக்கர் காடு அது. அப்பா போன பிறகு அவர் பங்கு ரெய்னோ பெயருக்கு வந்தது. அங்கே போன் எடுக்காது.

திங்கட்கிழமை, பதினேழாம் தேதி மாலை, நகரமன்றம் கூடியது. ஐந்து உறுப்பினர்களில் மூவர் வந்திருந்தார்கள், கூட்டம் நடத்த அது போதும். வெளியூர்ப் பெருங்கடை ஒன்று நெடுஞ்சாலையில் முப்பது ஏக்கர் கேட்டு விண்ணப்பித்திருந்தது. அதைக் கண்டு ஊர் பயந்திருந்தது. புதிய திட்டம் எழுதி முடிக்கும்வரை, ஒரு வருடத்துக்கு, நெடுஞ்சாலையின் இருபுறமும் எந்தப் புதுக் கட்டடமும் எழும்பக் கூடாது என்று தடை போட்டார்கள். அன்றிரவே அமல், குடிலில் இருந்த லென்னுக்கே தெரியாது. திமிங்கலத்துக்கு வலை போட்டார்கள், எங்கள் வீட்டு நெத்திலி மாட்டிக்கொண்டது.

ரெய்னோ செவ்வாய் மாலை எட்டுக் கிளைக் கொம்பு மானோடு வந்து இறங்கினான். வண்டியின் பின்பக்கம் நின்றபடி தடையைச் சொன்னேன். அவன் மானைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்.

"அனுமதி கைல இருக்கே?"

"அனுமதி போதாதாம். ஊத்தறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் வந்து பாத்திருந்தாத்தான் வேலை ஆரம்பிச்சதா கணக்காம்."

"அப்ப குழி?"

"குழி வெறும் குழிதானாம்."

கயிற்றைச் சுருட்டி வண்டிக்குள் போட்டான். பிறகு மானை இறக்க என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னான்.

தடையில் ஒரு விலக்குப் பிரிவு இருந்தது. அதைப் பல முறை படித்ததால் மனப்பாடமாகவே தெரியும். தடைக்கு முன்பே நல்ல நோக்கத்தோடு வேலையில் இறங்கியதைக் காட்ட வேண்டும். ஏற்பட்ட கஷ்டம் விண்ணப்பித்தவர் தானே வரவழைத்துக்கொண்டதாக இருக்கக் கூடாது. ஐந்து உறுப்பினர்களில் நால்வர் ஆதரிக்க வேண்டும். யாராவது விலகி நின்றாலும் நால்வர் என்பது நால்வர்தான்.

விண்ணப்பம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பகலில் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறேன். செவ்வாய், வியாழன் மாலை வகுப்பில் அலுவலக ஆவணம் தயாரிக்கப் படிக்கிறேன். வகுப்பில் எனக்குப் பதிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு கூற்றுக்கும் தேதி வேண்டும், நேரம் வேண்டும், பார்த்தவர் பெயர் வேண்டும். அப்படியே எழுதினேன். அனுமதியின் நகல், பொக்லைன்காரரின் கையெழுத்து, குழியின் ஏழு புகைப்படங்கள், நாள்வாரியாக நடந்தவை. மொத்தம் ஐந்து பக்கம்.

நான்காம் பக்கத்தில்தான் எனக்குத் தடுமாற்றம். "பதினான்காம் தேதி மதியம் முதல் பதினெட்டாம் தேதி மாலை வரை விண்ணப்பதாரர் ஊரில் இல்லை, தடை வரப்போவது அவருக்குத் தெரிய வழியில்லை" என்று எழுதியிருந்தேன். சாட்சி இல்லாமல் அந்த வரி மொட்டையாக நின்றது. யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமே என்று தோன்றியது. அதனால் கீழே சேர்த்தேன்: "இந்த நாட்களில் அவர் நகரமன்ற உறுப்பினர் திரு. லென் வைனியோவுடன், இருவருக்கும் சொந்தமான வேட்டைக் குடிலில் இருந்தார்." ஒரு முறை அதை அழித்தேன். மறுநாள் திரும்பச் சேர்த்தேன். நகரமன்ற உறுப்பினரைவிடப் பெரிய சாட்சி யார் என்று நினைத்தேன்.

ரெய்னோ கடையில் ரம்பச் சங்கிலியைத் தீட்டிக்கொண்டே முதல் பக்கத்தைப் படித்தான்.

"ஒரு குழிக்கு அஞ்சு பக்கமா? குழியே இவ்வளவு ஆழம் இல்ல."

"மிச்சத்தையும் படி."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

லென் அடிக்கடி கடைக்கு வருவார். ஓட்டு எண்ணுவார். "மேயர் நம்ம பக்கம். இன்னும் ரெண்டு மெம்பருங்க நம்ம பக்கம், அவங்க பனி மெஷின் ரெண்டும் இப்ப உன் கடைலதான் இருக்கு. என்னோட சேத்து நாலு. மிஸஸ் டெஷேன் மட்டும் மாட்டேன்னுதான் சொல்லுவாங்க."

"ஏன் அப்படி?"

"அவங்க அப்படித்தான். எழுபத்தொம்பதுல நான் திருப்பித் தராத புஸ்தகத்துக்கு இன்னைக்கும் என்னை மொறைக்கிறாங்க."

மிஸஸ் டெஷேன் முப்பத்தைந்து வருடம் பள்ளி நூலகராக இருந்தவர். மன்றத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மேயரையும்கூட. அவரை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

"என் நாலாம் பக்கத்த நீங்க ஒரு தடவ பாக்கறீங்களா லென்?" என்று கேட்டேன். இதைக் கேட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேதி மட்டும் நினைவில்லை.

"எனக்கு எதுக்கும்மா? அங்க இருந்தவனே நான்தானே."

விசாரணை பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கள் மாலை ஆறரைக்கு. அதற்குள் குழி பனியால் நிரம்பித் தரையோடு சமமாகிவிட்டது. நான்கு மூலையிலும் நட்ட கம்புகளின் ஆரஞ்சு நாடா மட்டும் வெளியே தெரிந்தது. மன்ற அறையில் நாற்காலி போதவில்லை. பாதிப் பேர் ரெய்னோவின் வாடிக்கையாளர்கள். வேலைச் சட்டையோடும் பனி பூட்ஸோடும் சுவரோரம் நின்றார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது.

நகரமன்ற வழக்கறிஞர் ஊர்க்காரர் அல்லர். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி மாதம் ஒரு முறை வருகிறவர். இளைஞர், மரியாதையானவர். மேயர் தொடங்குவதற்கு முன்பே கையைத் தூக்கினார்.

"ஒரு சின்ன விஷயம் கேட்டுக்கணும். விண்ணப்பத்துல நாலாம் பக்கம். மிஸ்டர் வைனியோ, இதுல வர்ற குடில் உங்களுக்கும் விண்ணப்பதாரருக்கும் சேந்த சொத்தா?"

லென் சிரித்தார். "சொத்தா? தம்பி, அது ஒழுகுற கூரை, ஒரு சௌனாக் குளியல் ரூம், நாப்பது ஏக்கர் சதுப்பு."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கா?"

"இருக்கு. ஊருக்கே தெரியும்."

"வரி சேந்து கட்டறீங்களா?"

"ஆமா."

வழக்கறிஞர் மேயரைப் பார்த்தார். "அப்ப இவரு இதுல ஓட்டுப் போட முடியாது. விவாதத்துலயும் இருக்கக் கூடாது. வெளிய இருக்கணும். போட்டா அந்தப் பெருங்கடைக்காரங்க நாளைக்கே கோர்ட்டுக்குப் போவாங்க, விலக்கும் நிக்காது."

"இந்த ஊர்ல குடில் கூட்டு இல்லாதவன் யாரு?" என்று லென் கேட்டார். "கூட்டெல்லாம் கணக்குல எடுத்தா இந்த மேசையச் சுத்தி வெறும் நாற்காலிதான் மிஞ்சும்."

"மத்தவங்களுது என் கைல காகிதமா வரல சார். இது வந்திருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயே திறக்கவில்லை, கையால் கெடுத்தேன். ஊருக்கே தெரிந்த விஷயம், அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. அவருக்குத் தேதியும் நேரமும் போட்டு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லென் எழுந்து நாற்காலி முதுகிலிருந்த கோட்டை எடுத்தார். எங்களைக் கடந்து போகும்போது ரெய்னோவின் தோளைத் தொட்டார். கதவு மூடிய சத்தத்தில் நான் எண்ணினேன். மேயர், இருவர், மிஸஸ் டெஷேன். நால்வர் வேண்டும், நால்வர்தான் இருந்தார்கள்.

ரெய்னோவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பாதி படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"எனக்குப் பேச வராது. கட்டடம் எழும்பலைன்னா மார்ச்சோட கடைய மூடணும். கிரீன் பே ஊர்ல ஒரு தொழிற்சாலைல வேலைக்கு எடுத்துக்கிறேங்கிறாங்க. எனக்கு அங்க போக இஷ்டமில்ல. அவ்வளவுதான்."

பிறகு பதினொரு பேர் பேசினார்கள். பத்துப் பேர் எங்கள் பக்கம். பதினோராவது ஆள் நாய் உரிமத்தைப் பற்றிப் பேசினார், அது வேறு பொருள் என்று மேயர் உட்கார வைத்தார்.

மிஸஸ் டெஷேன் கடைசிவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ரெய்னோ, பதினாலாம் தேதி உன்ன யாராவது வேட்டைக்குப் போகச் சொன்னாங்களா?"

"இல்ல மிஸஸ் டெஷேன்."

"இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கெழம காலைல ஆபீஸ்லதான் இருந்தாரு. நான் அவரக் கேட்டேன். நீ கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்னாரு. கூப்பிட்டியா?"

ரெய்னோ என்னைப் பார்த்தான். எனக்கு இது தெரியாது. அவனுக்கும் தெரியாது என்று அவன் முகம் சொன்னது.

"கூப்பிடல. அவரு கெளம்பியிருப்பாருன்னு நெனச்சேன்."

"என் புருஷன் நாப்பது வருஷம் வேட்டைக்குப் போனாரு. நான் அதக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கஷ்டம் தானா வரவழச்சதா இருக்கக் கூடாதுன்னு நாங்களே எழுதியிருக்கோம். உனக்காக நான் அத வளைச்சா, முப்பது ஏக்கர் கேக்கறவன் வக்கீலோட வந்து அதையே காட்டுவான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

உண்மையாகவே பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். ரெய்னோ சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான். அந்தப் பதிலை அப்போதிலிருந்து நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். நான்காம் பக்கம் இல்லாமல் லென் உள்ளேயே இருந்திருந்தால் மிஸஸ் டெஷேனின் கேள்விக்குப் பதில் தேவைப்பட்டிருக்காது. நால்வர் கை தூக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். அது நியாயமாக இருந்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் தோற்றது. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தர் படித்தார். ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட். அதற்குள் ஆற்றோரக் கட்டடம் இடிபட்டு அந்த இடத்தில் புல்கூட முளைத்திருக்கும். அடுத்து நாய் உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே லென் வண்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். பனி விழுந்துகொண்டிருந்தது. எங்கள் முகத்திலேயே முடிவைப் படித்துவிட்டார்.

"என் பங்க எம் பையன் பேருக்கு ஒரு வாரம் முன்னாடி எழுதி வச்சிருந்தா..."

"விடுங்க லென்."

"நான் அந்த விண்ணப்பக் கட்ட ஒரு தடவையாவது பிரிச்சுப் பாத்திருக்கணும். மூணு மாசமா வாராவாரம் உன் கடைல ஒக்காந்து காபி குடிச்சேனே."

"ரோடு வழுக்குது. பாத்துப் போங்க."

ரெய்னோதான் வீடு வரை ஓட்டினான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ரெய்னோ எஞ்சினை அணைக்காமல் இருந்தான்.

"நீ எழுதினது உண்மைதானே?"

"ஆமா."

"அப்புறம் என்ன."

அவன் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடாததைச் சொல்லியிருப்பேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் திட்டாததால் அதை விழுங்கினேன். வெள்ளிக்கிழமை காலை ஒரு போன். அரை நிமிடம் ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டர் கிளம்பியிருப்பார் என்று அவன் மட்டுமா நினைத்தான்? அந்த நாளில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நானும்.

மறுநாள் ரெய்னோ கிரீன் பேக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னான். கடையில் இருந்த இயந்திரங்கள் முப்பத்திரண்டு. யார் யாருடையவை, எது முடிந்தது, எது முடியாது என்று நான் பட்டியல் போட்டேன். முடிந்தவற்றை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொருவரையும் அழைத்தேன். சிலர் போனிலேயே நகரமன்றத்தைத் திட்டினார்கள். சிலர் தங்கள் இயந்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை மிஸஸ் டெஷேன் வந்தார். அவருடைய பனி வாரும் இயந்திரம் ஜனவரி முதல் எங்களிடம் இருந்தது. அவரை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டியலில் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். அவராகவே வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா ரெய்னோ?"

"முடிஞ்சுது. கார்புரேட்டர் அடைச்சிருந்தது. பழைய பெட்ரோல வருஷக்கணக்கா உள்ளயே விட்டிருக்கீங்க."

"அது எனக்குத் தெரியாது. அவரு இருந்தவரைக்கும் அவரு பாத்துப்பாரு." கையுறையைக் கழற்றாமலே இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். "மறுபடி கேட்டாலும் நான் அப்படித்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். அதச் சொல்லாம இத எடுத்துட்டுப் போக எனக்கு ஒரு மாதிரி இருந்தது."

"தெரியும் மிஸஸ் டெஷேன்."

"அடுத்த வருஷம் நின்னுபோச்சுன்னா எங்க கொண்டு போறது?"

"ஹௌட்டன்ல ஒருத்தர் இருக்காரு. நல்ல கை."

"அது எழுபது மைல்."

"ஆமா."

"எனக்கு எழுபத்திரெண்டு வயசு. இத வண்டில ஏத்தவே ஆள் வேணும்."

நான் மேசைக்குப் பின்னால் தலை குனிந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கடையின் பின்பக்கம் ஹீட்டர் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

ரெய்னோ இழுப்பறையைத் திறந்து இரண்டு சிறு ஆணிகளை எடுத்து இயந்திரத்தின் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டினான். பனிக்குள் கல்லோ செய்தித்தாள் கட்டோ சிக்கினால் முதலில் உடைந்து எஞ்சினைக் காப்பாற்றுகிற ஆணி. எல்லாருக்கும் இரண்டு வைப்பான்.

"பாதி நேரம் இதுதான் ஒடயும். ஒடஞ்சா ஹௌட்டன் போக வேணாம், நீங்களே மாத்திக்கலாம்."

"என்னால முடியாதுப்பா."

"முடியும். குனிய முடியுமா?"

"மெதுவா."

அவர் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். ரெய்னோ ஒரு அட்டைப் பெட்டியை மடக்கித் தரையில் போட, அதன்மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். பழைய ஆணியை எப்படித் தட்டி எடுப்பது, துளைகள் இரண்டும் நேராக வரும்வரை எப்படித் திருப்புவது என்று அவன் காட்டினான். முதல் தடவை ஆணி கை நழுவி விழுந்தது. இரண்டாம் தடவை துளை நேராக வரவில்லை. மூன்றாம் தடவை உள்ளே போய், மறுபக்கம் அது கழன்றுவிடாமல் பிடிக்கும் கம்பி முள்ளும் மாட்டியது. அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

ரெய்னோ குனிந்து அந்த ஆணியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"இன்னொரு தடவ போடுங்க," என்றான். "இப்ப நான் சொல்லித் தர மாட்டேன்."